செவ்வாய் வெள்ளியில் வராத பெண்

கோபிநத்தம்
14 ஆகஸ்ட் 2023

பெரிய வாத்தியார் ஐயாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப்ரியாவின் தாய் மாதேவி எழுதிக்கொள்வதுங்க. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கொளத்தூரில் எட்டாவது வரைக்கும் தமிழில் படிச்சவள். அதனால தமிழில் எழுதறேன். உங்க பள்ளிக்கூடத்தில் தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா படிக்கச் சொல்லிக் கேட்டுக்கோங்க. யாருமே இல்லைன்னா, எனக்கு வந்த காகிதத்தை நான் எப்பிடிப் படிச்சிருப்பேன்னு அப்பவாச்சும் தெரியட்டும்.

போன வாரம் உங்க பள்ளிக்கூடத்து முத்திரையோட ஒரு காகிதம் தபாலில் வந்துதுங்க. எம்பொண்ணுக்கு ஏதோ பரிசு விவரம்னு நெனச்சேன். மளிகைக்கடைக்கு எடுத்துட்டுப்போய்க் கடைக்காரரைப் படிக்கச் சொன்னேன். நாலு பேர் நிக்கறாங்க. அவரு சத்தமா படிக்கறாரு. "பின்தங்கிய மாணவர் பட்டியல். வரிசை எண் பதினேழு, தமிழ்ப்ரியா." மாணவர் ஆதரவுக் குழுன்னு கீழே போட்டிருக்குதாம். ஆதரவுன்னா இதுதானுங்களா?

ஏழாவது வரைக்கும் இங்கேயே படிச்சா. எல்லாத்திலும் முதல். அதுக்கு மேல காட்டுக்குள்ள பஸ்ஸில் போய்வர பயந்துதான் மைசூரில் என் தம்பி மனோஜ்குமார் வீட்டில் விட்டேன். அவன் மைசூரிலேயே ஹெப்பாளில் ஃபேக்டரிக்குப் போறான். நல்ல பள்ளிக்கூடம்னு சொன்னான். பதினேழாம் நம்பர் போடறதுக்கா நான் புள்ளையை அத்தனை தூரம் அனுப்பி வெச்சேன்?

இனிமே எதுவா இருந்தாலும் எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க. எங்க ஊரில் சிக்னல் கிடைக்காது. காகிதம்தான்.

இப்படிக்கு,
மாதேவி

*

மைசூரு
24 ஆகஸ்ட் 2023

மாதேவி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் பங்கஜவல்லி. தமிழ்ப்ரியாவுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆதரவுக் குழுவில் இருக்கும் ஐந்து ஆசிரியர்களில் ஒருத்தி.

புதன்கிழமைதோறும் கடைசி மணி அடித்த பிறகு, சயின்ஸ் லேபில் எங்கள் குழு கூடும். போன புதன்கிழமை தலைமையாசிரியர் நஞ்சுண்டசாமி சார் உங்கள் கடிதத்தை மேஜை மேல் வைத்து, "இது யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்று கேட்டார். நான் கை நீட்டி எடுத்துக்கொண்டேன். நாங்கள் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார்கள். ஆத்தில் பேசுவது ஒரு மாதிரித் தமிழ். ஆனால் படித்தது முழுக்கக் கன்னடம். கல்யாணமாகி மூன்று வருஷம் சென்னையில் இருந்தபோது பஸ் போர்டு பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை அங்கேயே கன்னடத்தில் சொன்னேன். மளிகைக்கடை விஷயம் வந்ததும் யாரும் டீயைத் தொடவில்லை. பட்டியல் அச்சடித்தது நாங்கள்தான். போன வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பது பிள்ளைகள் நடுவில் நின்றுபோனார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் குழு. யாருக்கு உதவி வேண்டும் என்று முதலில் பெயர் எழுதினோம். பெயர் எழுதினதே உதவி என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பியது தப்பு. குழு சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். இனி அந்தப் பட்டியல் பள்ளியை விட்டு வெளியே போகாது.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பெண்ணின் பெயர் மார்க்குக்காக வரவில்லை. ஜூன் பாதியிலிருந்து இதுவரை பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா? உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். தினமும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிறாள் என்கிறார்.

அன்புடன்,
பங்கஜவல்லி

*

கோபிநத்தம்
2 செப்டம்பர் 2023

டீச்சரம்மாவுக்கு,

உங்க காகிதத்தை நானே படிச்சேன். யாரையும் படிக்கச் சொல்லலை. அதுக்கு முதல்ல நன்றிங்க.

பதினோரு நாள்னு இருந்ததை ரெண்டு தடவை படிச்சேன். எனக்குத் தெரியாதுங்க. வீட்டுக்காரர் ஜடையன்கிட்ட இன்னும் சொல்லலை. பஸ் ஏறி மாதேஸ்வர மலைக்குப் போய் அங்கிருந்து என் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் விடியறப்பவே கம்பெனி பஸ்ஸில் போயிடறான், அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போறவ. பொண்ணுகிட்டக் குடுக்கச் சொன்னேன். "எங்கடீ போறே?" "ஸ்கூலுக்குத்தாம்மா." "டீச்சர் பொய் எழுதுவாங்களா?" மூச்சு விடறது மட்டும் கேக்குது. திட்டிப்போட்டேன். சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அதுக்கும் அழுகலை. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. அவ சின்னதில் இருந்தே, திட்டினா அழுகற புள்ளை.

நான் கொள்ளேகாலைத் தாண்டி வந்ததில்லைங்க. ஆட்டையும் காட்டையும் விட்டுட்டு வர வழியில்லை. யாரோ ஒருத்தின்னு நெனைக்காம, என் புள்ளை எங்க போறாள்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. அடிக்க வேண்டாம்.

மாதேவி

*

மைசூரு
14 செப்டம்பர் 2023

மாதேவி அம்மாவுக்கு,

உங்கள் பெண் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியது வந்த அன்று வருகைப் பதிவேட்டையும் டைம் டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதை இரண்டு மாதம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். பதினோரு நாளில் இரண்டு நாள் உண்மையாகவே காய்ச்சல், உங்கள் தம்பியும் சொன்னார். மீதி ஒன்பது நாளும் செவ்வாய் அல்லது வெள்ளி.

அந்த வாரமே பெண் கிடைத்தாள். எங்கள் உடற்பயிற்சி டீச்சர் லிங்கம்மா ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவில் இருந்தவர், காவேரிப் படித்துறைப் பக்கம் போனபோது நம் பள்ளி யூனிஃபார்ம் தெரிந்தது. தமிழ்ப்ரியா படியில் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இப்போது பெண்களுக்கு இலவசம் என்பதால் நேராக அங்கே போய்விடுகிறாள். லிங்கம்மா கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே எதுக்கும்மா வரே?" என்று கேட்டிருக்கிறார். "இந்தத் தண்ணி எங்க ஊர்ப் பக்கம்தான் போகுது" என்றாளாம்.

அடுத்ததை எழுத மூன்று காகிதம் கிழித்துப் போட்டேன். செவ்வாயும் வெள்ளியும் முதல் இரண்டு பீரியடும் என்னுடையது. அந்த நாள்களில்தான் பிள்ளைகளைப் போர்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வேன்.

நேற்று புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன் நானும் லிங்கம்மாவும் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். அவள் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதுதான் இன்னும் கேவலம். ஜூன் இருபதாம் தேதி போர்டில் பெருக்கும்போது வாய்க்குள்ளேயே "ஏழெட்டு அம்பத்தாறு" என்றாள். நான் கன்னடத்தில், "பேரிலேதான் தமிழ் இருக்கு, வாயிலும் வரணுமா? இது உங்க ஊர் இல்லை" என்றேன். கிளாஸ் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைப் பார்த்தால் "ஏழெட்டு" என்று கூப்பிடுகிறார்களாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இருந்தேன், தெரிந்துகொள்ளவில்லை.

மாதேவி அம்மா, காய்கறிக்காரரிடம் சில்லறை கூட்டும்போது நானும் தமிழில்தான் கூட்டுகிறேன். இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளியில் வாயைத் திறந்து அதைச் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்த அன்று லிங்கம்மாவே ஆச்சரியமாகப் பார்த்தார்.

இதை எல்லாம் குழுவில் சொன்னேன். சயின்ஸ் எடுக்கும் வாசுதேவ் சார், "மேடம், இதை ரிப்போர்ட்டில் எழுதவேண்டாம், பள்ளிக்குக் கெட்ட பேர்" என்றார். நஞ்சுண்டசாமி சார் ரிப்போர்ட் நோட்டை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தப்பு என்னுடையது. பெண்ணைத் திட்டாதீர்கள்.

பங்கஜவல்லி

*

கோபிநத்தம்
23 செப்டம்பர் 2023

டீச்சருக்கு,

பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. அவ அப்பா போய்க் கூட்டிட்டு வந்தாரு. ஆத்தங்கரையில் தனியா உட்கார்ந்திருந்தான்னு கேட்ட பிறகு அவரால் இருக்க முடியலை.

என் புள்ளை எனக்கு முக்கியம். படிப்பு பொறகு.

எனக்குக் கோபம் இருக்குது. உங்க மேலயும், என் மேலயும். இனிமே காகிதம் போட வேண்டாமுங்க.

மாதேவி

*

மைசூரு
5 அக்டோபர் 2023

மாதேவி அம்மாவுக்கு,

வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்ப்ரியா போன மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் கிளாஸில் நின்றுகொண்டு, ஜூன் இருபதாம் தேதி நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு ஒன்பதாம் வாய்பாட்டைத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வேற யாருக்கு வீட்டில் வேற பாஷை?" என்று கேட்டேன். முதலில் ஒரு கை. பிறகு பதினாலு. தெலுங்கு, உருது, லம்பாணி. தமிழே நாலு பேர். ஒரு பெண் எழுந்து, "மிஸ், நான் துளுவில் எண்ணுவேன், ஆனா வாயை அசைக்கமாட்டேன்" என்றாள்.

அந்த வாரக் குழுக் கூட்டம் ஆறேகால் மணி வரை நடந்தது. பெயர் நாற்பத்து மூன்று இருந்தது. அதைப் பிரித்து, ஆளுக்கு எட்டோ ஒன்பதோ பிள்ளைகளை எடுத்துக்கொண்டோம். மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரே ஒரு விஷயம் கேட்டு வரவேண்டும்: வீட்டில் யார் படிப்பார்கள், எந்தப் பாஷையில். வாசுதேவ் சாருக்குப் பிடிக்கவில்லை. "நாம வாத்தியார்களா, சமூக நலத்துறையா?" என்றார். சண்டையே ஆகிவிட்டது. ஆனால் மறுவாரம் அவர்தான் முதலில் நோட்டை விரித்தார். அவருடைய எட்டுப் பேரில் மூன்று பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்களாம். "நாலு வருஷமா முதல் பீரியட் தூங்கறாங்கன்னு வெளியே நிக்க வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு பெண்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. விலாசத்துக்குப் போனோம், வீடு காலி.

போர்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வருகிறேன் என்பவர்களைக் கூப்பிடுகிறேன். இப்போது கொஞ்சம் பேர் வருகிறார்கள்.

தசரா விடுமுறை முடிந்து இருபத்தைந்தாம் தேதி பள்ளி திறக்கிறது. அவளுடைய வருகை இன்னும் கணக்குக்குள் இருக்கிறது, அவள் வந்தால் வருஷம் வீணாகாது. வராவிட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

பங்கஜவல்லி

*

கோபிநத்தம்
20 அக்டோபர் 2023

டீச்சரம்மாவுக்கு,

நான் வேண்டாம்னு சொல்லியும் எழுதினீங்களே, அதுக்கு நன்றிங்க.

இவ்வளவு நாள் உங்க காகிதங்களை அரிசி டின்னில் போட்டு மூடி வெச்சிருந்தேன். பொண்ணு வந்ததில் இருந்து ஆடு ஓட்டுவா, தண்ணி எடுப்பா, பேசமாட்டா. நானும் கேக்கலை. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் அவளும் நிலக்கடலை உரிச்சிட்டிருந்தோம். அவ அப்பா கட்டிலில் படுத்திருந்தாரு. எனக்கு என்னமோ தோணிச்சு, காகிதத்தை எடுத்துட்டு வந்து சத்தமா படிச்சேன். ஆத்தங்கரைக் காகிதம் முதல்ல. அப்பறம் வாய்பாடு சொன்ன காகிதம். அவ கை நின்னு போச்சு. "அந்த வாய்பாடு சொன்னதை இன்னொருக்காப் படிம்மா" அப்படின்னா. படிச்சேன். அப்பறம்தான் அழுதா. நாலு மாசத்து அழுகை. நான் தடுக்கலை.

அவ அப்பா எழுந்து உட்கார்ந்தாரு. "அத்தனை பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர், நமக்கு எதுக்குப் பொய் எழுதோணும்? தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆபீசரும் அப்பிடி எழுதினதில்லை" அப்படின்னாரு. ஃபாரஸ்ட் ஆபீசு, தாலுக்கா ஆபீசுன்னு எத்தனையோ படி ஏறின மனுசன் அவரு.

என் கதையையும் சொல்லிப்போடறேன். எட்டாவதில் எனக்கு இங்கிலீசு வரலை. வாத்தியார் ஒரு நாள் என் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு. மறுநாள் வயித்துவலின்னு படுத்தேன். அப்பறம் போகவே இல்லை. ஏன்னு ஒருத்தரும் கேட்டு வரலை. எங்கம்மாகூடக் கேக்கலை, வீட்டு வேலைக்கு ஆள் ஆச்சுன்னு விட்டுட்டாங்க. இந்த வயசு வரைக்கும் எனக்குப் படிப்பு ஏறலைன்னுதான் நானே நெனச்சிட்டிருந்தேன். உங்க காகிதத்தைப் படிச்சப்பத்தான், யாராச்சும் ஒருத்தர் பதிவேட்டையும் டைம் டேபிளையும் பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா என்னன்னு தோணிச்சு.

பொண்ணு வர்றேன்னு சொல்லிட்டா. ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்கா, அவ சொன்ன மாதிரியே எழுதறேன்: "டீச்சர் என்னைப் பார்த்துப் பாவம்னு நெனைக்கக் கூடாது. தப்புப் பண்ணினா மத்தவங்களைத் திட்டற மாதிரி திட்டோணும்." சரிதானுங்களா?

இருபத்தஞ்சாம் தேதி அவ அப்பாவே கொண்டுவந்து விடுவாரு. பையில் கடலை போட்டு விடறேன். புதன்கிழமைக் கூட்டத்துக்கு டீயோட வெச்சுக்கோங்க. வாசுதேவ் சாருக்கும் குடுங்க.

மாதேவி

*

மைசூரு
27 அக்டோபர் 2023

மாதேவிக்கு,

‘அம்மா’வை விட்டுவிட்டேன். உங்களைவிட எனக்கு இருபது வயசாவது கூட இருக்கும், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஜடையன் அண்ணா வந்தார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன் என்றார். நானும் நின்றுகொண்டே பேசினேன். பிறகு இரண்டு பேருக்கும் கால் வலித்து உட்கார்ந்தோம். பள்ளி முழுக்கச் சுற்றிப் பார்த்தார். போகும்போது, "ஆத்தங்கரைக்குப் போகாம பார்த்துக்கங்க" என்று ஒரே வார்த்தை. லிங்கம்மா இப்போது காலையில் அவள் ஏறும் பஸ் நிறுத்தத்திலேயே வந்து ஏறிக்கொள்கிறார். அவருக்கு அது சுற்று வழி. கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்.

நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். இன்று வெள்ளிக்கிழமை. வந்தாள். கழித்தலில் தப்புப் பண்ணினாள். "கவனம் எங்கே இருக்கு?" என்று நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஐயோ, அழுகிறாளோ என்று கிட்டப் போனேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடலை அரை மணியில் தீர்ந்துபோனது.

உங்கள் எட்டாம் வகுப்பைப் பற்றி எழுதினதை மூன்று தடவை படித்தேன். உங்களை யாரும் தேடி வராமல் போனதற்கு அந்த வாத்தியார் சார்பில் நான் எப்படி மன்னிப்புக் கேட்பது? ஒரு அனுமதி மட்டும் கேட்கிறேன். அந்தப் பகுதியைப் பெயர் சொல்லாமல் குழுவில் வாசிக்கலாமா?

பங்கஜவல்லி

*

கோபிநத்தம்
8 நவம்பர் 2023

பங்கஜவல்லி அக்காவுக்கு,

பேர் சொல்லியே படிங்க. மறைக்க ஒண்ணுமில்லை.

பொண்ணு போனில் பேசினா. நான் மலைக்கு வர்ற நாளை இப்ப அவ மாமன்கிட்டக் கேட்டு வெச்சுக்கறா. நாலு மாசத்துக்கு அப்பறம் அவளே பேச்சை நிறுத்தலை, நான்தான் பஸ் வந்துருச்சுன்னு நிறுத்தினேன். அந்தத் துளுப் பொண்ணு பேர் தன்மயியாம். சேர்ந்து உட்கார்றாங்களாம்.

அக்கா, ஒரு குறை. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் வெக்கறீங்களாம். என் தம்பிக்கு ஷிஃப்டு. லீவு போட்டா கம்பெனியில் மொறைக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வெச்சா என்ன? வாத்தியார்களுக்குக் கஷ்டம்தான். கேட்டுப் பாருங்க.

மாதேவி

*

மைசூரு
11 மார்ச் 2024

மாதேவிக்கு,

நாலு மாதம் எழுதவில்லை. உங்கள் குறையைக் கூட்டத்தில் வைத்தேன். இரண்டு மாதம் இழுபறி. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் வீடு, வேலை. கடைசியில் நஞ்சுண்டசாமி சார், "இந்த வருஷம் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம், யாரும் வராவிட்டால் விட்டுவிடலாம்" என்றார். நேற்று வைத்தோம்.

முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்து நாற்காலி போட்டோம். நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டோம். பாதிப் பேர் ஃபேக்டரிக்காரர்கள். பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவை வருகிறேன் என்றே நிறையப் பேர் சொன்னார்கள். உங்கள் தம்பி மனைவியோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். உங்கள் கடிதத்தை அங்கேயே வாசித்தேன், பெயர் சொல்லி. முதலில் தமிழில் நாலு வரி, பிறகு கன்னடத்தில் முழுவதும். ஒரு அம்மா எழுந்து, "எனக்கும் அப்படித்தான் நின்னு போச்சு" என்று உட்கார்ந்தார். பின்னால் இன்னொருவர். அப்புறம் யாரும் மைக்கை எங்களிடம் திருப்பித் தரவில்லை!

நான் எதற்கும் எளிதில் கண் கலங்குகிறவள் இல்லை. நேற்று மட்டும் லேபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காணாமல் போன இரண்டு பெண்களில் ஒருத்தி கிடைத்துவிட்டாள். கூட்டத்துக்கு வந்த ஒரு அப்பாதான் அவர்கள் குடிமாறிய இடத்தைச் சொன்னார். இன்னொருத்தியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அவள் பெயரைக் குழு நோட்டில் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

பங்கஜவல்லி

*

மைசூரு
6 மே 2025

அன்புள்ள மாதேவிக்கு,

உங்கள் தம்பி சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்று ஆசை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழ்ப்ரியா முதல் வகுப்பு. கணக்கில் எண்பத்து மூன்று. கன்னடத்தில் நூற்று இருபத்தைந்துக்கு எழுபத்தாறு. அந்த எழுபத்தாறுதான் எனக்குப் பெரிசு. அதற்காக அவளும் தன்மயியும் எட்டு மாதம் காலையில் முக்கால் மணி முன்னதாக வந்து லேபில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? வாசுதேவ் சார். சயின்ஸ் வாத்தியார்தான், ஆனால் கன்னடத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

பதினொன்றாவதில், அதாவது பி.யூ.சி.யில், காமர்ஸ் எடுக்கிறேன் என்கிறாள். சயின்ஸ் எடுக்கலாமே என்றேன். "கணக்கு வரும்கறதுக்காக நீங்க சொல்ற கணக்கையெல்லாம் நான் போடமுடியாது மிஸ்" என்றாள். சரி என்றுவிட்டேன்.

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் நடுவில் நின்றவர்கள் இரண்டே பேர். இரண்டு பேர் வீட்டுக்கும் போயிருக்கிறோம்.

மாதேவி, நான் அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். முப்பது வருஷ வேலையில் நான் செய்தது என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. நீங்கள் அன்றைக்குக் கோபப்பட்டு எழுதினீர்கள். பேசாமல் இருந்திருந்தால் பட்டியல்களை அச்சடித்துக்கொண்டே நான் ஓய்வு பெற்றிருப்பேன். ரொம்ப நன்றி. இதற்கு மேல் எழுதத் தமிழ் போதவில்லை.

ஒரு செய்தி. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரும் ஊர்களுக்குக் குழுவே போய், எட்டாம் வகுப்பு சேரும் முன் பெற்றோரைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் கோபிநத்தம். பதினேழாம் தேதி சனிக்கிழமை நானும் லிங்கம்மாவும் வரலாமா?

பங்கஜவல்லி

*

கோபிநத்தம்
11 மே 2025

பங்கஜவல்லி அக்காவுக்கு,

வரலாமான்னு கேக்கறீங்களே!

என் தம்பி போனில் சொன்னதும் மலையில் போன் கடைக்காரருக்கு மிட்டாய் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். அவ அப்பா அந்த மார்க்குக் காகிதத்தைச் சட்டைப் பாக்கெட்டில் வெச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போறாரு, வர்றாரு. மூணு நாளா சட்டையைத் துவைக்கக் குடுக்கலை. காமர்ஸுன்னா என்னன்னு கேட்டாரு. எனக்கும் தெரியலை, அவளுக்குத் தெரியும்னு சொன்னேன். அது போதும்னுட்டாரு.

நன்றி நான் சொல்லோணும், நீங்க முந்திக்கிட்டீங்க. என் புள்ளை ஆத்தங்கரையில் உட்கார்ந்திருந்த நாளை இப்பவும் மறக்க முடியலை. அன்னைக்கு லிங்கம்மா டீச்சர் அவகிட்டக் கத்தியிருந்தா, நீங்க எனக்கு மறைச்சிருந்தா, என்ன ஆயிருக்கும்னு தெரியலை. சாமிக்கு விளக்குப் போடறப்ப உங்க அஞ்சு பேர் பேரையும் சொல்றேன். வாசுதேவ் சார் பேரைக் கடைசியாச் சேர்த்தேன், அவருக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க.

இங்க நாலு வீட்டில் இந்த வருசம் புள்ளைங்க எட்டாவதுக்குப் போவாங்க. பாப்பாயி வீட்டிலும் தேவம்மா வீட்டிலும் நானே போய்ச் சொல்லிட்டேன். மத்த ரெண்டு வீட்டுக்காரங்க, டீச்சருங்க நம்ம ஊருக்கு எதுக்கு வர்றாங்க, ஏதாச்சும் வம்பான்னு கேட்டாங்க. வந்தா தெரியும்னு சொல்லியிருக்கேன். தேவம்மா பொண்ணு புதுசா ஒருத்தரைப் பார்த்தா வாயே திறக்கமாட்டா. நீங்க மெதுவாப் பேசுங்க.

மைசூரில் காலை முதல் பஸ்ஸே பிடிச்சிருங்க. கொள்ளேகாலில் மாறி மாதேஸ்வர மலை. மலையில் எங்க ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கோணும், கண்டக்டர்கிட்டச் சொல்லி ஜன்னல் பக்கம் உட்காருங்க. வழியில் யானை நின்னா டிரைவர் வண்டியை நிறுத்திருவாரு, பயப்படாதீங்க, அதுபாட்டுக்குப் போயிடும். உங்க வீட்டில் என்ன சாப்பிடுவீங்கன்னு பொண்ணுகிட்டக் கேட்டேன். வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டாங்கன்னா. அதெல்லாம் இல்லாமலே அவரைக்காய்க் குழம்பு வெப்பேன், களி கிண்டுவேன். லிங்கம்மா டீச்சருக்குக் கோழி. தனி அடுப்பு, கவலை வேண்டாம்.

பொண்ணு அன்னைக்கு இங்கதான் இருப்பா. ஆனா பஸ்ஸுக்கு அவளை அனுப்பமாட்டேன். நான் தனியாத்தான் வந்து நிப்பேன். என்னை நீங்க பார்த்ததில்லையேன்னு யோசிக்க வேண்டாமுங்க. ரெண்டு வருசமா முன் பெஞ்சில் பார்த்த மூஞ்சிதான், கொஞ்சம் வெயிலில் கறுத்திருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் தங்கச்சி,
மாதேவி